பிடித்தம் வேண்டாம் என்று எழுதிக் கொடுக்காதே

சேரம்பாடி,
நீலகிரி.

அன்புள்ள பாப்பாவுக்கு அப்பா எழுதுவது.

அன்றைக்கு போனில் நீ கேட்டதற்குப் பாதி பதில் சொல்வதற்குள் சிக்னல் போய்விட்டது. இது கணக்கு சம்பந்தப்பட்ட விஷயம், தாளில் எழுதினால்தான் விளங்கும். பி.எப். (வருங்கால வைப்பு நிதி), இ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) எதுவும் சம்பளத்தில் பிடிக்காமல் 14,000 ரூபாயையும் முழுசாகக் கையில் தருகிறோம், 'எனக்குப் பிடித்தம் வேண்டாம்' என்று எழுதிக் கையெழுத்துப் போடு என்று திருப்பூர் பனியன் கம்பெனியில் சொன்னதாகச் சொன்னாய். போடாதே.

14,000 முழுவதும் அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும்தான் என்று வைத்துக்கொள். உன் பக்கம் பி.எப். 12 சதவீதம், 1,680 ரூபாய். இ.எஸ்.ஐ. 0.75 சதவீதம், 105 ரூபாய். இரண்டும் போனால் கையில் 12,215. இதைத்தான் உனக்குக் காட்டுகிறார்கள். காட்டாத பக்கம் ஒன்று இருக்கிறது. கம்பெனியும் பி.எப்.புக்கு 1,680 கட்ட வேண்டும், இ.எஸ்.ஐ.க்கு 3.25 சதவீதமாக 455, பி.எப்.போடு சேர்ந்த இன்சூரன்சுக்கு அரை சதவீதமாக 70. மொத்தம் 2,205 ரூபாய். ஆக, உன்னுடைய 1,785ஐ உன்னிடமே கொடுத்துவிட்டு அவர்கள் 2,205ஐ மிச்சம் பிடிக்கிறார்கள். இதற்கு உன் கையெழுத்தும் வேண்டுமாம்.

இன்னொன்று. 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் மாதம் 15,000 வரை சம்பளம் என்றால், வேண்டாம் என்று சொல்லும் உரிமை உனக்கும் இல்லை, கம்பெனிக்கும் இல்லை. சட்டப்படி அந்தத் தாள் செல்லாது. ஆனால் நாளைக்குத் தகராறு என்று வந்தால் 'அந்தப் பொண்ணுதான் எழுதிக் கொடுத்தது' என்று எடுத்துக் காட்ட அவர்களுக்கு உதவும்.

கம்பெனி கட்டும் 1,680 அப்படியே உன் பி.எப். கணக்குக்கு வருவதில்லை. அதில் 8.33 சதவீதம், அதாவது 1,166 ரூபாய், ஓய்வூதியத் திட்டத்துக்குப் போகும். மீதி 514தான் உன் கணக்கில் சேரும். பாஸ்புக்கைப் பார்த்துவிட்டு 'முதலாளி பங்கு குறைகிறதே' என்று பயப்படாதே. முழு ஓய்வூதியத்துக்குக் குறைந்தது 10 வருஷ சர்வீஸ் வேண்டும், வயது 58 ஆக வேண்டும். கடைசி 60 மாதச் சராசரிச் சம்பளத்தை சர்வீஸ் வருஷத்தால் பெருக்கி 70ஆல் வகுக்க வேண்டும். 14,000 சம்பளம், 20 வருஷ சர்வீஸ் என்றால் மாதம் 4,000க்குக் குறையாமல் வரும். பெரிய தொகை இல்லைதான். கணக்கில் எடுக்கும் சம்பளத்துக்கு 15,000 என்று 2014இல் வைத்த உச்சவரம்பு, விலைவாசி ஏறிய வேகத்துக்கு எந்த மூலைக்கும் காணாது. அதற்காக அந்த 4,000ஐ விட்டுக்கொடுக்க முடியாது.

திருப்பூரில் நிறையப் பிள்ளைகள் சறுக்குவது இந்த இடத்தில்தான். இரண்டு வருஷம் வேலை, கல்யாணம், நின்றுவிடுவது. பிறகு 19ஆம் நம்பர் படிவத்தில் பி.எப்.பையும் 10சி படிவத்தில் ஓய்வூதியப் பணத்தையும் சேர்த்தே எடுத்துவிடுகிறார்கள். மறுபடி வேலைக்குப் போனால் சர்வீஸ் முதலிலிருந்து தொடங்கும். அவசரத்துக்கு பி.எப். பணத்தை எடு, தப்பில்லை. ஓய்வூதியப் பங்கைத் தொடாதே. அதே 10சி படிவத்தில் பணத்துக்குப் பதில் திட்டச் சான்றிதழ் கேட்டு வாங்கலாம். பழைய சர்வீஸ் அதில் பதிந்திருக்கும், அடுத்த வேலையில் சேர்த்துக்கொள்ளலாம். புதுக் கம்பெனியில் 11ஆம் நம்பர் படிவம் தருவார்கள். 'முன்பு உறுப்பினராக இருந்தீர்களா' என்ற இடத்தில் இல்லை என்று போட்டால் இன்னொரு யு.ஏ.என். (பி.எப். உறுப்பினர் எண்) வந்துவிடும். அந்த 12 இலக்க எண் ஆயுசுக்கும் ஒன்றுதான் இருக்க வேண்டும்.

இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியில் கூட்டம், காத்துக் கிடக்க வேண்டும் என்று உன் தோழிகள் சொல்வது உண்மைதான். ஆனால் அது வெறும் மாத்திரை சமாசாரம் இல்லை. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரைக்குள் 78 நாள் சந்தா போயிருந்தால், அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை நோய்க்கு விடுப்பு எடுத்தாலும் சம்பளத்தில் 70 சதவீதம் வரும், வருஷத்துக்கு 91 நாள் வரை. பேறுகாலத்துக்கு 26 வாரம் முழுச் சம்பளம், அதற்கு முந்தைய இரண்டு சந்தாக் காலத்தில் (ஆறு மாதம் ஒரு காலம்) 70 நாள் சந்தா போயிருந்தால் போதும். ஓவர்லாக் மிஷினில் கையைக் கொடுத்துவிட்டால் இத்தனை நாள் என்ற கணக்கே கிடையாது, சேர்ந்த அன்றைக்கே அடிபட்டாலும் 90 சதவீதம். வேலைக்குப் போகிற வழியில் நடக்கும் விபத்தும் இதில் சேரும்.

இதெல்லாம் முதலாளிமார் மனசு இளகிக் கொடுத்தது இல்லை. நிலத்தை விட்டு மில்லுக்கு வந்தவனுக்குக் காய்ச்சல் வந்தால் சாப்பிட என்ன வழி என்ற கேள்வி தொழிற்புரட்சியோடு கூடவே பிறந்தது. காட்டில் வேலை இருந்தவரை கிழங்காவது இருந்தது; மில்லில் கூலி நின்றால் எல்லாம் நின்றது. பிரிட்டன் 1834இல் கொடுத்த பதில், உதவி வேண்டுமானால் ஏழை விடுதிக்குள் வந்து வேலை செய் என்பது. ஜெர்மனியில் தலைமை அமைச்சராக இருந்த பிஸ்மார்க் வேறு வழி பிடித்தார். 1883இல் நோய்க் காப்பீடு, தொழிலாளி இரண்டு பங்கு, முதலாளி ஒரு பங்கு. 1884இல் விபத்துக் காப்பீடு, அது முழுக்க முதலாளி செலவு. 1889இல் ஓய்வூதியம், அதுவும் 70 வயதில். சோசலிஸ்ட் கட்சியைத் தடை செய்த அதே ஆள்தான் அவர். தொழிலாளர் அந்தப் பக்கம் போய்விடக்கூடாது என்றுதான் செய்தார். நோக்கம் எதுவாக இருந்தால் என்ன, உன் சம்பளச் சீட்டில் இருக்கும் இரண்டு பிடித்தமும் அந்த வம்சம்தான். நம் இ.எஸ்.ஐ. சட்டம் 1948, பி.எப். சட்டம் 1952.

இந்த முறைக்கு ஒரு பெரிய ஓட்டை உண்டு. எல்லாமே வேலையோடு ஒட்டியது. தோட்டத்தில் பிறந்த உனக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வீடு, ஆஸ்பத்திரி, பிள்ளைக் காப்பகம் எல்லாம் தோட்டம் கொடுக்க வேண்டும் என்று 1951 தோட்டத் தொழிலாளர் சட்டம் வைத்தது. ஆனால் லயத்து வீடு (தோட்டத்து வரிசை வீடு) செக்ரோலில், அதாவது தோட்டத்தின் வேலையாள் பதிவேட்டில், பேர் இருக்கிறவருக்குத்தான். அதனால்தான் வீட்டுக்கு ஒரு பிள்ளையையாவது தோட்டத்தில் பேர் பதிய வைக்கிறார்கள், அது பட்டப்படிப்பு படித்திருந்தாலும். திருநெல்வேலிப் பக்கத்து மாஞ்சோலையில் 2024இல் கம்பெனி தோட்டத்தை விட்டுப் போனபோது, வேலையோடு சேர்ந்து தலைமுறை தலைமுறையாக இருந்த வீடும் கேள்விக்குறியானது. 1964 இந்தியா-இலங்கை ஒப்பந்தத்தில் சிலோனிலிருந்து வந்த நம்மவர்களுக்காக 1968இல் அரசு ஆரம்பித்த தேயிலைத் தோட்டத்திலும் வீட்டுக்குப் பின்னால் இதே முடிச்சுதான்.

இன்னொரு வகை, வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஆளோடு கூடவே வருவது. பிரிட்டனில் 1942 பெவரிட்ஜ் அறிக்கைக்குப் பிறகு 1948இல் எல்லோருக்கும் வந்த இலவச மருத்துவம் அப்படி. நம் ஊரில் ரேஷன் அரிசி, 1956இல் காமராஜர் பள்ளிகளில் கொண்டுவந்து 1982இல் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய மதிய உணவு. இதற்கு செக்ரோல் கிடையாது, வரிப்பணம். ரேஷன் அரிசி இலவசம் என்பதால் ஆள் சோம்பேறியாகிவிட்டான் என்று கடைத்தெருவில் பேசுவார்கள். அடிமாட்டுக் கூலிக்கு ஆள் கிடைக்காததைத்தான் அப்படிச் சொல்கிறார்கள் என்பது என் எண்ணம்.

உன் கம்பெனிக்காரர் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். 200 பேர் வைத்து ஒழுங்காகக் கட்டுகிறவருக்கு மாதம் 4,41,000 ரூபாய் கூடுதல் செலவு. கட்டாத எதிர்க்கடைக்காரர் அந்த அளவுக்கு விலை குறைத்து ஆர்டரைத் தட்டிக்கொண்டு போகலாம். எல்லோரும் கட்டியாக வேண்டும் என்று சட்டம் பிடித்தால்தான் நல்ல முதலாளி பிழைப்பார். 20 பேருக்குக் கீழே காட்டுவதற்காக ஒரே கட்டடத்தில் மூன்று பெயர்களில் கம்பெனி நடத்துவதும், சம்பளத்தை அலவன்சாகப் பிரித்து அடிப்படையைச் சுருக்குவதும் இதனால்தான். 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொகுப்புச் சட்டங்களில் அலவன்ஸ் மொத்தத்தில் பாதிக்கு மேல் போனால், பாதியைத் தாண்டிய தொகையையும் சம்பளமாகவே கணக்கிடச் சொல்லியிருக்கிறார்கள். ஒரு வருஷ ஒப்பந்தம் என்று எழுதி எடுத்தாலும் ஓராண்டு முடிந்தால் பணிக்கொடை (கிராஜுவிட்டி) உண்டு: சம்பளம் பெருக்கல் 15, வகுத்தல் 26. உன் கணக்குக்கு வருஷத்துக்கு 8,077 ரூபாய் வரும். அதனால் ஒப்பந்தத் தாளின் ஒரு நகலைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்.

பிடித்த பணம் போய்ச் சேர்ந்ததா என்று மாதாமாதம் பார். கம்பெனி அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். 20ஆம் தேதிக்கு மேல் பாஸ்புக்கைத் திறந்து பார். இரண்டு மாதம் தொடர்ந்து வரவு இல்லை என்றால் எனக்குச் சொல். சம்பளச் சீட்டை போட்டோ எடுத்து வை, பிடித்ததற்கு அதுதான் சாட்சி.

கடைசியாக ஒன்று. உன் ஆதாரில் இனிஷியல் பேருக்குப் பின்னால் இருக்கிறது, பள்ளிச் சான்றிதழில் முன்னால் இருக்கிறது. பணம் எடுக்கப் போகும்போது விண்ணப்பம் திரும்பி வருவது பெரும்பாலும் இந்த மாதிரிப் பேர் பொருந்தாததால்தான். யு.ஏ.என். எடுக்கும் முன்பே சரி செய்துவிடுவது நல்லது. பொங்கல் லீவுக்கு வரும்போது இரண்டு அசலையும் கொண்டு வா, பந்தலூர் இ-சேவை மையத்துக்குக் காலையிலேயே போய்விடலாம்.

அப்பா