கல் வேண்டாம், மணலைக் கொடுங்கள்

புதுச்சேரிக் கடற்கரையைக் காக்கும் பொறுப்பில் உள்ள அதிகாரிகளுக்கு,

வணக்கம். துறைமுகத்துக்கு வடக்கே உள்ள எங்கள் மீனவர் குப்பமான வைத்திக்குப்பத்தின் கரையில், கடலரிப்பைத் தடுக்கக் கொட்டும் கருங்கல்லோடு மீண்டும் லாரிகள் வந்து நிற்பதைப் பார்த்த பிறகு இம்மடலை எழுதுகிறேன். 1980-களின் இறுதியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காக எழுப்பிய இரண்டு அலைதடுப்புச் சுவர்கள், தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துவந்த மணலை மறித்துவிட்டதையும், வாடைக் காலத்தில் திரும்பிவரும் சிறிதளவு மணல் அந்த இழப்பை ஈடுசெய்யாது என்பதையும் நீங்கள் அறிவீர்கள். தேங்கும் மணலை எடுத்து வடபுறம் சேர்ப்பது அந்தத் திட்டத்திலேயே சொல்லப்பட்ட வேலைதான். அதைத்தான் கேட்கிறோம்.

கட்டுமரமும் ஃபைபர் படகும் அலையோடு வந்து மணலில் ஏறி நிற்பவை. கல்லில் ஏறினால் உடைபவை. விடியலில் மீனோடு திரும்புபவர், தம் வீட்டுக் கூரை கண்ணுக்குத் தெரியும் தொலைவில் வந்தும் கரையேற வழியின்றி, படகைத் துறைமுகத்துக்குத் திருப்பி, அன்றைய வரும்படியில் ஒரு பங்கை எண்ணெய்க்கே கொடுத்துவிட்டு, ஆட்டோவில் வீடு வந்து சேர்கிறார். கூடை எடுக்கும் பெண்கள் அவருக்கு முன்பே துறைமுகத்துக்குப் போய்க் காத்திருக்க வேண்டும். கரைவலை இழுப்பதற்கோ கால் ஊன்ற இடமே இல்லை.

கற்கள் வீடுகளைக் காக்கவே என்பீர்கள். ஆனால், கல் முடியும் இடத்துக்கு வடக்கே கடல் அரிக்கத் தொடங்குகிறது. சோலை நகரைக் கடந்து கோட்டக்குப்பம், பொம்மையார்பாளையம் வரை அது போயாயிற்று. இயற்கைத் துறைமுகம் இல்லாத இக்கரையில், பிரெஞ்சுக்காரர் காலத்தில் கப்பல்கள் தொலைவில் நங்கூரமிட்டு நிற்க, சரக்கையும் ஆளையும் படகுகள்தாம் மணலில் கொண்டுவந்து இறக்கின. 1761-இல் ஊரையே தரைமட்டமாக்கிய ஆங்கிலேயராலும் கொண்டுபோக முடியாத அந்த மணலை இரண்டு சுவர்கள் கொண்டுபோயின. தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலடியில் செயற்கைத் திட்டு அமைத்த பின் கொஞ்சம் மணல் திரும்பியது. சுற்றுலாப் பயணிகள் கால் நனைக்கிறார்கள், மகிழ்ச்சி. படகுகளுக்கும் அந்த யோகம் எப்போது வரும்?

நகராட்சித் தலைவரிடம் முறையிடலாம் என்றால், 1968-க்குப் பிறகு 2006-இல்தான் இங்கே உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அதில் வென்றவர்களின் பதவிக்காலமும் 2011-இல் முடிந்தது. காலி நாற்காலியிடம் மனுக் கொடுக்கும் வழக்கம் எங்களுக்கு இல்லை.

கடுமையாக எழுதியிருந்தால் பொறுத்தருளுங்கள். சுவருக்குத் தெற்கே தேங்கிய மணலை ஆண்டுதோறும் வடக்கே கொண்டுவந்து சேர்க்க ஏற்பாடு செய்து, அதற்கான நாளைக் குப்பத்துப் பஞ்சாயத்தாருக்கு எழுத்தில் தெரிவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அந்தக் கடிதம் வரும்வரை லாரிகள் கல்லைக் கொட்டாமல் நிற்கட்டும்.

இப்படிக்கு,
வைத்திக்குப்பத்துக் குடிமகன் ஒருவன்