புளியங்கொட்டைக்கு ஒரு நன்றி

பெற்றோருக்கும், பள்ளி மேலாண்மைக் குழுவினருக்கும், எல்லாருக்கும் முன்னால் சத்துணவுக்கூடத்து அக்காவுக்கும்,

"மிஸ், இவன் கிள்றான்." "மிஸ், அவ என் ரப்பரையே பாக்குறா." ஒன்றாம் வகுப்பு எப்படி இருந்தது என்று உங்களுக்கே தெரியும், மறுபடி வேண்டாம். ஒரு புகாருக்கு ஒரு புளியங்கொட்டை என்று பிள்ளைகள் போடும் கலயத்தை நேற்று சாயங்காலம் கவிழ்த்தால் நாலே நாலு கொட்டை. அந்தச் சந்தோஷம் ஆறும் முன்னே எழுதுகிறோம்.

அக்கா, புளி கரைக்கும்போது ஒதுங்கும் கொட்டைகளைக் கழுவி, காயவைத்து, டப்பாவில் கொண்டுவந்தீர்கள். கூடவே வாய் குறுகிய பழைய மண்கலயம். "சொல்றதுக்கு ஒரு காது வேணும் டீச்சர். உங்க ரெண்டு காது எத்தனை பேருக்குப் பத்தும்?" என்றீர்கள். அவ்வளவுதான் நீங்கள் செய்தது.

மற்ற வகுப்பிலும் கேட்பதால் நடைமுறையை எழுதிவிடுகிறோம். கலயம் பீரோவுக்குப் பக்கத்து மூலையில் இருக்கட்டும். நடுவில் வைத்தால் எல்லாரும் ஒட்டுக்கேட்பார்கள். புகாரோடு வரும் பிள்ளை ஒரு கொட்டை வாங்கி, கலயத்தின் வாயில் குசுகுசுவென்று சொல்லி, கொட்டையைப் போட்டுவிட்டு இடத்துக்குப் போக வேண்டும். கொட்டையை ஆசிரியைதான் கையில் தர வேண்டும். டப்பாவைத் திறந்து வைத்தால் மூக்குக்குள் போய்விடும். ஐந்து வயது மூக்குக்கு அது அளவெடுத்த மாதிரி. கலயத்தின் அடியில் பழந்துணி போடுங்கள், இல்லாவிட்டால் 'டொக்' சத்தத்துக்காகவே புகார் பிறக்கும். காலையில் 20 எண்ணி வைத்து, மாலையில் விழுந்ததையும் மிச்சத்தையும் பிள்ளைகளோடு எண்ணினால் கழித்தல் கணக்கும் ஆயிற்று. முதல் வாரம் "மிஸ், அவன் ரெண்டு கொட்டை போட்டான்" என்று நிச்சயம் வரும். அதையும் கலயத்திடமே சொல்லச் சொல்லுங்கள்.

எல்லாம் கலயத்துக்குப் போகக் கூடாது. சாப்பாட்டு வரிசையில் அக்கா கேட்கும் கேள்விதான் எங்கள் சல்லடை: "அவனுக்கு உதவி வேணுமா, அடி வேணுமா?" பிள்ளை ஒரு கணம் யோசிக்கும். அடி என்றால் கொட்டை. உதவி என்றால் எழுந்து போய்ப் பார்க்க வேண்டியதுதான். ரத்தம், அழுகை, வகுப்பை விட்டு வெளியே போன பிள்ளை, யாரோ உடம்பைத் தொட்டது, "யார்கிட்டயும் சொல்லாத" என்று பெரியவர் ஒருவர் சொன்னது: இதற்கெல்லாம் கொட்டை கிடையாது, நேரே எங்களிடம். கொட்டை தரும்போது பெயரை மட்டும் கேட்டுக்கொள்வோம். ஒரே பிள்ளை ஒரே பெயரை மூன்றாம் தடவை சொன்னால் அது கோள் இல்லை, சீண்டல் நிற்கவில்லை. குறைகளை எழுதிப் போடப் பள்ளியில் வைத்திருக்கும் 'மாணவர் மனசு' பெட்டி எழுதத் தெரிந்தவர்களுக்கு. இவர்களுக்கு வாய் மட்டும்தானே இருக்கிறது? அதனால் "கோள் சொல்லாதே" என்று மட்டும் வாயெடுக்கக் கூடாது. வாயடைத்த பிள்ளை சொல்ல வேண்டியதையும் சொல்லாது.

சொல்லப்போனால் இந்த வயதில் பாதிப் புகார் புகாரே இல்லை. வரிசை தாண்டக் கூடாது என்று நாங்கள் சொன்னோமே, அது இன்னும் அப்படித்தானா என்று சரிபார்க்க வருகிறார்கள். "ஆமாம், அப்படித்தான். நீ சரியாத்தான் நிக்கிற" என்றால் போதும், போய்விடுவார்கள். தப்பு செய்தவனைக் கூப்பிட்டு அங்கேயே திட்டினால்தான் வினை. அடுத்த நிமிடம் இன்னும் மூன்று பேர் வருவார்கள்.

வாசலில் "இன்னைக்கு உன்னை யாரு அடிச்சா?" என்று கேட்பதை விட்டு "யாரோட விளையாடுன?" என்று கேட்க ஆரம்பித்த அம்மாக்கள், பாட்டிகள், "எனக்குப் பிடிக்கல, நிறுத்து" என்று கை நீட்டிச் சொல்லும் பழக்கத்தைத் தினம் 5 நிமிடம் நடித்துக் காட்டிய மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள், பொறுத்துக்கொண்ட தலைமையாசிரியை, சார்ட் வாங்கித் தந்தவர்கள், எல்லாருக்கும் நன்றி.

ஒன்று ஒத்துக்கொள்ள வேண்டும். பேசுகிறவர்கள் பேரைப் பலகையில் எழுத லீடர் ஒருவரை நிறுத்தியது நாங்கள்தான். கோள் சொல்வதை ஒரு பதவியாக்கி, சாக்பீஸையும் கையில் கொடுத்துவிட்டு, பிள்ளைகள் கோள் சொல்கிறார்கள் என்று அலுத்துக்கொண்டோம். பலகையின் வலது ஓரத்தில் இருந்த அந்தக் கட்டத்தை அழித்துவிட்டோம். இனி எந்த வகுப்பிலும் போட மாட்டோம்.

அக்கா, இன்னொரு கைப்பிடி கொட்டை வேண்டும். இரண்டாம் வகுப்பில் கேட்கிறார்கள்.

இப்படிக்கு,
ஒன்றாம், இரண்டாம் வகுப்பு ஆசிரியைகள்