குருகைப் பார்க்காத விடைக்குறிப்பு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். செய்யுட்பாடம் வெறும் மனப்பாடமாகச் சுருங்கிவருவது குறித்துத் தங்கள் நாளிதழில் அண்மையில் வெளியான கட்டுரையைப் படித்தேன். அதன் கவலை நியாயமானதே. ஆனால் மனப்பாடத்தைவிடப் பெரிய கேடு, பாடலின் நயத்தை எழுதச் சொல்லும் வினாக்களிலும் அவற்றைத் திருத்தும் முறையிலுமே இருக்கிறது என்பதை, முப்பது ஆண்டுகள் தமிழ் கற்பித்து, விடைத்தாள் திருத்தும் பணிக்கும் சென்றுவந்தவன் என்ற முறையில் தெரிவிக்க விரும்புகிறேன்.

ஒரு தேர்வில், குறுந்தொகையின் 25ஆம் பாடலைப் பற்றிய வினாவுக்கு ஒரு மாணவி எழுதிய விடை என் கைக்கு வந்தது. கபிலர் பாடிய ஐந்தடிப் பாடல் அது. தன்னைக் களவில் மணந்தவன் சொன்ன சொல்லைப் பொய்யாக்கிவிட்டால் நான் என்ன செய்வேன் என்று தலைவி தோழியிடம் கலங்குகிறாள். "யாரும் இல்லை தானே கள்வன்" என்று தொடங்குகிறவள், முடிக்கும்போது, அன்று அங்கே ஒரு குருகும், அதாவது ஒரு நீர்ப்பறவையும், இருந்தது என்கிறாள். தினைத்தாள் போன்ற சிறிய பசிய கால்களுடன், ஓடும் நீரில் ஆரல் மீனை எதிர்பார்த்து நின்ற குருகு அது. விடைக்குறிப்பு கேட்டது உவமையணி என்ற பெயரையும் அதன் இலக்கணத்தையும் "தினைத்தாள் அன்ன" என்ற சான்றையும்தான். மாணவியோ அணியின் பெயரையே எழுதாமல், "குருகு அவர்களைப் பார்க்கவில்லை, மீனைத்தான் பார்த்தது, அதனால் இருந்த ஒரு சாட்சியும் அவளுக்குப் பயன்படாது" என்று எழுதியிருந்தார். குறிப்பில் இல்லாததற்கு மதிப்பெண் தர இயலாது என்று எனக்குச் சொல்லப்பட்டது. அந்த விடைக்குச் சுழியம் இட்டவன் நான்தான். இன்றுவரை அது என் மனத்தை விட்டு அகலவில்லை.

ஏனெனில் பாடலின் உயிர்நாடியைத் தொட்டவர் அந்த மாணவிதான். யாரும் இல்லை என்று முதலில் சொன்னவள், கடைசி அடியில் "குருகும் உண்டு" என்று அந்த 'உம்'மைப் பற்றிக்கொண்டு ஒரு சாட்சியைத் தேடுகிறாள். கிடைத்த சாட்சியோ வாய் பேசாதது, இரையிலேயே கண்ணாக இருந்தது. அந்த உவமையும் வெறும் அழகுக்காக வந்ததன்று என்றே நான் கருதுகிறேன். பறவையின் கால் எவ்வளவு சிறியது, என்ன நிறம், எதைப் போன்றது என்பது வரை அவள் நினைவில் வைத்திருக்கிறாள். குருகு மீனைப் பார்த்தது; அவள் குருகைப் பார்த்திருக்கிறாள். அந்த நாளுக்கு உண்மையான சாட்சி அவள் ஒருத்தியே என்பதையும், அவள் சாட்சியம் எங்கும் ஏறாது என்பதையும் அந்த உவமைதான் நமக்குச் சொல்லாமல் சொல்கிறது. பெயரை மட்டும் எழுதி நகர்கிறவருக்கு இவற்றில் எதுவுமே தென்படாது.

இயல்பாக நிகழ்வதன்மேல் புலவர் தம் குறிப்பை ஏற்றிச் சொல்லும் தற்குறிப்பேற்ற அணிக்குச் சான்று கேட்டால், மதுரை மதிலின் கொடிகள் வராதீர்கள் என்பதுபோல் அசைந்ததைச் சொல்லும் "வாரல் என்பனபோல் மறித்துக்கை காட்ட" என்ற சிலப்பதிகார அடியை எல்லா மாணவரும் தடையின்றி எழுதுகிறார்கள். அதற்குச் சற்று முன்னால் வரும் வைகையை எத்தனை பேர் கண்டிருப்பார்கள்? கண்ணகிக்கு நேரவிருப்பதைத் தான் அறிந்தவள் போல, வைகை நறுமலர் ஆடையைப் போர்த்திக்கொண்டு, கண்ணில் நிறைந்த நீரை மறைத்து அடக்குகிறாள் என்கிறார் இளங்கோவடிகள். அதைத் தொடர்ந்து, கோவலனும் கண்ணகியும் அந்த ஆற்றைப் பார்த்து, "புனல்யாறு அன்றிது பூம்புனல் யாறு" என்று வியந்து தொழுகிறார்கள். நமக்குக் கண்ணீரைக் காட்டிவிட்டு, அவர்களுக்குப் பூக்களை மட்டுமே காட்டுகிறார் புலவர். துயரத்தை நோக்கி நடப்பவர்கள் கைகூப்பி வியக்கும் அந்த இடத்தை வகுப்பில் வாய்விட்டுப் படிக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைத்திருக்கிறது. அணியின் இலக்கணத்தை ஒப்பித்துவிட்டு இதைக் கடந்து போகப் பிள்ளைகளைப் பழக்குவது பெரும் இழப்பு.

பாத்திரப்படைப்பு வினாக்களின் நிலையும் இதுவே. பாண்டியன் நெடுஞ்செழியன் என்றதும் 'நீதி வழுவியதற்காக உயிர்நீத்தவன்' என்ற ஒற்றை வரி ஆயத்தமாக இருக்கிறது. ஊடல் கொண்டு, தலைநோய் என்று சொல்லி அகன்ற தேவியை நாடிப் போகும் வழியில், பொற்கொல்லன் சொல்லை மட்டும் கேட்டு, விசாரணையே இன்றிக் கோவலனைக் கொல்ல ஆணையிட்டவனும் அவன்தான். "யானோ அரசன் யானே கள்வன்" என்று தன்மேல் தானே தீர்ப்பு எழுதிக்கொண்டவனும் அவன்தான். இரண்டையும் சேர்த்து நிறுத்தினால்தான் அவன் மனிதனாகத் தெரிவான்.

சிறுகதையில் இந்தச் சுருக்கம் இன்னும் கூர்மையாகவே உறுத்துகிறது. புதுமைப்பித்தனின் 'பொன்னகரம்' கதையின் கரு என்ன என்றால் 'வறுமை' என்று ஒரே சொல்லில் விடை வருகிறது. அம்மாளு தன் உடலை விற்று முக்கால் ரூபாய் சம்பாதித்ததைச் சொன்னவுடன், "ஆம், புருஷனுக்குப் பால் கஞ்சி வார்க்கத்தான்" என்கிறார் கதைசொல்லி. அந்த 'ஆம்' யாருக்குச் சொல்லும் பதில்? முகம் சுளிக்கத் தயாராக இருக்கும் வாசகருக்குத்தான். கற்பைப் பற்றிப் பேசும் நம் வாயையே அந்தக் கதை கேள்விக்குள்ளாக்குகிறது. நகரத்தின் பெயரில் உள்ள பொன்னும் அதே கேள்வியின் பகுதியே.

அணிகளின் பெயர்கள் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பாடலுக்குள் மறைந்து நிற்கும் பொருளை உள்ளுறை, இறைச்சி என்று தொல்காப்பியம் வகுத்ததும், அணியிலக்கண நூலான தண்டியலங்காரம் 35 பொருளணிகளை விரித்ததும் கவிதையை நுணுகிப் பார்த்தவர்களின் உழைப்பு. அவற்றைக் குறுவினாவில் கேட்கட்டும். நெடுவினாவில், இந்த அடி இல்லாவிட்டால் பாடல் எதை இழக்கும் என்று கேட்கலாம். விடைக்குறிப்பும் ஒரே முடிவை விதிக்காமல், பாடலின் சொற்களிலிருந்து சான்று காட்டும் எந்த விடையையும் ஏற்கலாம். அப்படிச் செய்தால் திருத்துபவர் மனம்போல் மதிப்பெண் போடுவார் என்று சிலர் அஞ்சுகிறார்கள். மாணவர் சொல்லும் கருத்துக்குப் பாடலில் இடம் இருக்கிறதா என்பது எவரும் சரிபார்க்கக்கூடிய அளவுகோல்தான். நான் சுழியம் இட்ட அந்த விடைத்தாளில், "ஆரல் பார்க்கும்" என்ற இரு சொற்களின் அடியில் அந்த மாணவி கோடிட்டே காட்டியிருந்தார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர்