ஒட்டுப் போடுமுன் வெடிப்பைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு இதழில் பழைய வாகனங்களைப் பராமரிப்பது பற்றி வந்த கட்டுரையை வாசித்தேன். நல்ல கட்டுரைதான், ஆனால் எரிபொருள் தாங்கி ஒழுகினால் வெல்டிங் செய்துகொள்ளலாம் என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். அந்த வரிக்காகத்தான் எழுதுகிறேன்.

நான் வெளிநாட்டில் ஒரு லொறிக் கம்பனியின் பரிசோதனைப் பிரிவில் பல வருடம் வேலை செய்தவன். புது மாடல் விற்பனைக்கு வருமுன் அதைக் கருங்கல் பதித்த, குழியும் மேடுமான தடத்தில் இரவு பகலாக ஓட்டுவோம், வீதியில் பல வருடம் படும் பாட்டை சில மாதங்களில் பட்டுவிடட்டும் என்று. ஒரு தடவை டீசல் தாங்கி ஒன்று இலக்கில் பாதித் தூரம்கூட ஓடவில்லை, அதை லொறியோடு இறுக்கிக் கட்டும் பட்டி பிடிக்கிற இடத்தின் ஓரமாக வெடித்து ஒழுகத் தொடங்கியது. தகடு மெல்லியது என்றார்கள் எல்லோரும். சரி என்று தடித்த தகட்டில் செய்து போட்டோம். அதுவும் அதே இடத்தில் வெடித்தது.

அப்புறம்தான் அந்த இடத்தை வெட்டியெடுத்து உருப்பெருக்கியில் வைத்துப் பார்த்தோம். காலிமுகத்திடலில் அலை திரும்பிப் போன பிறகு மணலில் கோடு கோடாக நிற்குமே, அதேபோல வளைந்த கோடுகள். திரும்பத் திரும்பக் குலுங்கியே உலோகம் மெல்ல மெல்ல வெடிக்குமே, அந்த உலோகக் களைப்பின் அடையாளம் அது, ஒரே அடியில் உடைந்த துண்டில் வராது. கோடுகள் எந்தப் புள்ளியைச் சுற்றி வளைகின்றனவோ அங்கேதான் வெடிப்பு தொடங்கியிருக்கும். எங்கள் துண்டில் அந்தப் புள்ளி வெளிப்பக்கத்தில், பட்டியின் விளிம்பு அழுத்திய தடத்திலேயே இருந்தது. உலோகம் எவ்வளவு இழுபடுகிறது என்று அளக்கும் விகாரமானிகளை அந்த இடத்தில் ஒட்டி மறுபடி ஓட்டினோம். தொடக்கத்தில் அளவீடு அடக்கமாக இருந்து, ஓட ஓட ஏறிக்கொண்டே போனது. பட்டிக்கு அடியில் இருந்த இறப்பர் அமுங்கி, இறுக்கம் தளர்ந்து, ஒவ்வொரு குழிக்கும் தாங்கி எழும்பி விழுந்திருக்கிறது! நல்ல இறப்பர் போட்டு, பட்டியை அகலமாக்கி, பழைய மெல்லிய தகட்டுத் தாங்கியையே மாட்டினோம், முழுத் தூரமும் ஓடியது.

இதை ஏன் கொழும்பு வாசகர்களுக்குச் சொல்கிறேன் என்றால், 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்ற பிறகு பல வருடம் நாம் பழையதையே ஓட்டிக்கொண்டிருந்தோம், இன்னும் அவற்றில் பல ஓடுகின்றன. களைப்பு என்பது கணக்கு வைப்பது போல, ஒவ்வொரு குலுக்கலும் ஆயுளில் கொஞ்சம் கழித்துக்கொண்டே போகும். வெல்டிங் பொருத்துகளில் தகைப்பு, அதாவது உலோகத்தின் ஒவ்வொரு சிறு பரப்பும் தாங்கும் விசை, இரண்டு மடங்கானால் ஆயுள் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்காகிவிடும். வெடிப்பின் மேல் தகட்டுத் துண்டு வைத்து ஒட்டினால் அந்தத் துண்டின் ஓரமே அடுத்த பலவீனமான இடம். பட்டி தளர்ந்தபடியே இருந்தால் சில மாதத்தில் பக்கத்திலேயே மறுபடி ஒழுகும், நாமோ வெல்டிங் செய்தவரைத் திட்டுவோம்.

பெற்றோல் தாங்கியில் இன்னொரு பெரிய ஆபத்தும் உண்டு. எரிபொருளை வெளியே ஊற்றிவிட்டோம், தாங்கி வெறுமைதானே என்று நெருப்புக் காட்டுவது உயிரோடு விளையாடுவது, உள்ளே தங்கும் ஆவியும் காற்றும் சேர்ந்த கலவைதான் வெடித்துச் சிதறும். நீராவியால் கழுவி, ஆவி இல்லை என்று கருவியால் அளந்து பார்க்க வசதியில்லாத கராஜில் அந்த வேலையைக் கொடுக்கவே வேண்டாம்.

உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் வேறு தாங்கி வாங்கி மாட்டுபவர்களும் பழைய பட்டியையும் காய்ந்த இறப்பரையும் அப்படியே திரும்பப் போடுவதைப் பார்க்கிறேன், மனது பதறுகிறது. இறப்பர் பெரிய செலவு இல்லை, தயவுசெய்து மாற்றுங்கள். மாட்டிச் சில நாள் ஓடிய பிறகு பட்டியின் இறுக்கத்தை ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். வெடித்த தாங்கியையும் உடனே பழைய இரும்புக்குப் போடாமல், எந்த இடத்தில் வெடித்தது, பக்கத்தில் பட்டியா, தாங்குசட்டமா, வெல்டிங் ஓரமா என்று மெக்கானிக்கையும் கூட வைத்துப் பாருங்கள். கட்டுரை எழுதியவர் அடுத்த முறை இதைப் பற்றியும் நாலு வரி சேர்த்தால் மிகவும் சந்தோஷப்படுவேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பொறியியலாளர் ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு 6