மூன்று வினாடிக்குள் நூறு, அதற்கப்புறம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் வாகனப் பக்கத்தில் அண்மையில் வந்த ஸ்போர்ட்ஸ் கார் கட்டுரை, குதிரைத்திறனையும் நூறு கிலோமீட்டரைத் தொடும் நேரத்தையும் சொல்லிவிட்டு, ‘ஓட்டுவதற்கு இதைவிடச் சுகமான வண்டி கிடையாது’ என்று முடித்திருந்தது. முதல் இரண்டும் அளந்து பார்க்கக்கூடியவை. மூன்றாவது அவற்றிலிருந்து தானாக வந்துவிடாது. கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் இந்த மாதிரி வண்டியை வாங்கும் வசதியும் ஆசையும் உள்ளவர்கள் குறைவில்லை என்பதால், இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது.

2020-ல் வந்த போர்ஷே 911 டர்போ எஸ், நின்ற நிலையிலிருந்து நூறைத் தொட 2.7 வினாடி எடுக்கும் என்பது கம்பெனிக் கணக்கு. அதற்குள் வண்டி ஓடுவது சுமார் 40 மீட்டர். நாலு டவுன் பஸ்ஸை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தினால் அந்த நீளம் வந்துவிடும். அந்த நேரத்தில் ஓட்டுபவர் செய்யும் வேலை என்ன? இடது காலில் பிரேக், வலது காலில் ஆக்ஸிலரேட்டர், பிறகு பிரேக்கை விடுவது, அவ்வளவுதான். கிளட்ச்சை எவ்வளவு வழுக்க விடுவது, எந்தச் சக்கரத்துக்கு எவ்வளவு இழுவை, எப்போது அடுத்த கியர் என்பதெல்லாம் கம்ப்யூட்டரின் பாடு. முதல் தடவை வயிறு கலங்கும், சிரிப்பு வரும். பத்தாவது தடவை உட்கார்ந்திருப்பவருக்கும் ஓட்டுபவருக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. அவிநாசி ரோட்டில் புதிதாகத் திறந்த பத்து கிலோமீட்டர் ஜி.டி. நாயுடு மேம்பாலத்தில்கூட இந்த வண்டியின் ஆட்டம் மூன்று வினாடியில் முடிந்துவிடும். மீதி தூரத்துக்கு அதுவும் எல்லாக் காரையும் போல ஒரு கார்தான்.

மேனுவல் கியர் இருந்தால் இந்தக் குறை தீர்ந்துவிடும் என்று சொல்பவர்கள் உண்டு. பாதி உண்மை. போர்ஷே 718 கேமன் ஜிடி4-ல் டர்போ இல்லாத 4 லிட்டர் எஞ்சின், நிமிடத்துக்கு 8,000 சுற்று வரை போகும், ஆறு கியரும் கையால் மாற்றுவது. கேட்டாலே வாயூறும் சமாச்சாரம். ஆனால் இரண்டாவது கியரை முழுக்க இழுத்தால் முள் 135-ஐ நெருங்கிவிடும். உச்ச வேகம் முந்நூறுக்கு மேல் வேண்டும், புகைச் சோதனையிலும் தேற வேண்டும் என்று கியர்களை அவ்வளவு நீளமாக வைத்திருக்கிறார்கள். நம் ஊர் ரோட்டில் ஒரே ஒரு கியரை முழுதாக இழுத்தாலே சட்டத்தைத் தாண்டியாயிற்று. கியர் குச்சி இருந்தும் அதற்கு வேலை இல்லை. ஒரு சாதாரண 1.2 லிட்டர் ஸ்விஃப்ட்டில் இரண்டாவது கியர் எண்பது, தொண்ணூறில் தீர்ந்துவிடும். பல்லடம் போய் வருவதற்குள் கைக்கும் காலுக்கும் எத்தனையோ தடவை வேலை கிடைக்கும்.

இது தயாரிப்பாளர்களுக்கும் தெரியாமல் இல்லை. 2013-ல் போர்ஷே 911 ஜிடி3-ஐ ஆட்டோமேட்டிக்காக மட்டும் கொண்டுவந்தார்கள். பந்தய மைதானத்தில் சுற்றுக்குச் சுற்று அதுதான் வேகம். ஆனாலும் வாடிக்கையாளர்கள் விடவில்லை. 2017-ல் மேனுவல் திரும்பி வந்தது. மெதுவான கியர்பாக்ஸைக் கேட்டு வாங்கியவர்கள் கணக்குத் தெரியாதவர்கள் அல்ல.

ஸ்டீயரிங் விஷயம் இன்னும் நுட்பமானது. பழைய பவர் ஸ்டீயரிங்கில் எஞ்சின் பெல்ட்டில் ஓடும் ஒரு ஆயில் பம்ப் இருக்கும். வண்டி நேராகப் போனாலும் அது சுற்றிக்கொண்டே இருந்து பெட்ரோலைத் தின்னும். அதனால்தான் மின்மோட்டாருக்கு மாறினார்கள், அதில் தப்பில்லை. வளைவில் முன்டயர் பிடிப்பின் எல்லையை நெருங்கும்போது, டயர் வழுக்குவதற்குச் சற்று முன்பே ஸ்டீயரிங்கின் பளு லேசாகக் குறையும். ரேக்ளாவில் பிடிகயிற்றின் வழியே காளையின் போக்கு கைக்குத் தெரிவதுபோல, ‘இதற்கு மேல் வேண்டாம்’ என்று உள்ளங்கைக்கு வரும் தகவல் அது. மின்மோட்டாரும் அதன் பல்சக்கரமும் தம் உராய்வில் அந்தச் சிறு மாற்றத்தை விழுங்கிவிடுகின்றன. மிச்சத்தை மென்பொருள் வடிகட்டித் தருகிறது. ‘ஸ்போர்ட்’ பொத்தானை அமுக்கினால் ஸ்டீயரிங் கனமாகும், தகவல் கூடாது. இதைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். சத்தமும் அப்படித்தான். 2011-ல் வந்த பிஎம்டபிள்யூ எம்5 முதற்கொண்டு, எஞ்சின் உறுமலை ஸ்பீக்கர் வழியாகப் போட்டுக் கேட்க வைக்கும் பழக்கம் வந்துவிட்டது.

எடையைப் பற்றித் தங்கள் கட்டுரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. 1980களின் முதல் எம்5 ஆயிரத்து நானூறு கிலோ சொச்சம். 2024-ன் எம்5, பேட்டரியும் மோட்டாரும் சேர்ந்து 2,435 கிலோ. 727 குதிரைத்திறன் இருப்பதால் நேர்ரோட்டில் எடை தெரியாது. பிரேக் பிடிக்கும்போதும் திருப்பும்போதும் தெரியும். அந்தப் பளுவைச் சமாளிக்க அகல டயர், பெரிய டிஸ்க், கெட்டியான ஸ்பிரிங், அவற்றால் இன்னும் எடை. அகல டயரின் பிடிப்பு ரோட்டு வேகத்தில் விடவே விடாது என்பதால், வண்டி எப்போது நழுவும் என்று பாதுகாப்பாகத் தெரிந்துகொள்ள வழியே இல்லை. டொயோட்டா 2012-ல் ஜிடி86-ஐ நேர் எதிராக யோசித்துச் செய்தது. 200 குதிரைத்திறன், 1,250 கிலோவுக்குள் எடை, சிக்கனத்துக்குப் பேர்போன பிரியஸுக்குப் போட்ட அதே ரக 215 மி.மீ. டயர். நாற்பது, ஐம்பது கிலோமீட்டரிலேயே வண்டி அசைந்து பேச ஆரம்பிக்கும். அந்த வண்டி இங்கே விற்பனைக்கு வராதது நம் துரதிர்ஷ்டம்.

நம் மலை ரோடுகளுக்கு வருவோம். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள், திம்பத்தில் 27, கொல்லிமலையில் 70. வளைவின் ஆரம் 15 மீட்டர் என்று வைத்துக் கணக்குப் போட்டால், நல்ல நிலையிலுள்ள சாதாரண டயர் சுமார் 40 கிலோமீட்டர் வேகம் வரை பிடிக்கும். பல மடங்கு விலையுள்ள பந்தய ரக டயர் 46 வரை. வித்தியாசம் ஆறு கிலோமீட்டர். அதையும் அடைய எதிரே யாரும் வராமல் இருக்க வேண்டும். மலை ரோட்டின் அகலம் ஐந்தரை மீட்டர் என்றால், பஸ் இரண்டரை மீட்டரை எடுத்துக்கொள்ளும். 1.9 மீட்டர் அகல ஸ்போர்ட்ஸ் காருக்கு இரண்டு பக்கமும் நடுவும் சேர்த்து மிஞ்சுவது 1.1 மீட்டர்தான். 1.44 மீட்டர் அகல மாருதி 800-க்கு ஒன்றரை மீட்டருக்கு மேல் மிஞ்சும். மலை ரோட்டில் ரசித்து ஓட்ட இடம் வேண்டும். அந்த இடத்தைக் குறுகலான வண்டிதான் தரும்.

ஸ்பீடு பிரேக்கர் பற்றியும் சொல்லியாக வேண்டும். இந்திய சாலைக் காங்கிரஸ் விதிப்படி மேடு 10 செ.மீ. உயரம், 3.7 மீட்டர் அகலம். அந்த அளவில் போட்டால் முன்சக்கரமும் பின்சக்கரமும் மேட்டின் மேலேயே ஏறி நிற்கும், வண்டியின் அடிவயிற்றில் குறையும் இடைவெளி நான்கைந்து செ.மீ.தான். 12 செ.மீ. தரை இடைவெளியுள்ள காருக்கும் அது பிரச்சினை இல்லை. ஊருக்குள் தார் மிச்சத்தைக் கொட்டி, அரை மீட்டர் அகலத்தில் கூம்பாகப் போட்டுவிடும் மேடுதான் ஆபத்து. சக்கரம் இரண்டு பக்கமும் தரையில் இருக்க, முழு உயரமும் அடியில் இடிக்கும். முன்பக்கத்தைத் தூக்கும் வசதி மூக்கைத்தான் காப்பாற்றும், நடுவயிற்றை அல்ல. சாய்வாக, ஒவ்வொரு சக்கரமாக ஏற்றி இறக்க வேண்டும். பின்னால் வருபவர் ஹாரன் அடித்தால் அடிக்கட்டும்.

இறக்கத்தில் நடப்பது விளையாட்டல்ல. கனமான வண்டி, கிளட்ச் பெடல் இல்லாத ஆட்டோமேட்டிக் கியர்பெட்டி, ‘டி’-யில் போட்டுப் பிரேக்கை மட்டும் நம்பி இறங்குவது. ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டியின் 36 வளைவுகளில் வெளியூர் வண்டிகள் இறங்கத் தடை போட்டதற்கு இப்படி நடந்த விபத்துகளே காரணம். ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும். ஆட்டோமேட்டிக்கில் மேனுவல் நிலைக்குத் தள்ளி இரண்டில், செங்குத்தில் ஒன்றில் பூட்டுங்கள். டாட் 4 பிரேக் ஆயில் புதிதாக இருக்கையில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்து 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்த ஆயிலுக்குத் தர விதி கேட்பதே 155 டிகிரிதான். கொதித்தால் குழாயில் ஆவி, ஆவி அமுங்கும், பெடல் தரைக்குப் போகும். ஆகவே கிலோமீட்டர் ஓடாவிட்டாலும் இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை மாற்றிவிட வேண்டும். கருகல் வாடை வந்தால் சமதளத்தில் ஓரம்கட்டி, கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்து அரை மணி ஆறவிடுங்கள். தண்ணீர் ஊற்றினால் டிஸ்க் கோணிக்கொள்ளும் அல்லது வெடிப்பு விடும்.

பெரிய வண்டியின் முழுத் திறமையையும் பார்க்க ஆசைப்படுபவருக்கு நம்மிடமே இடம் இருக்கிறது. செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வே, சுற்று 2.1 கி.மீ. அங்கே போகுமுன் பிரேக் பேட் பாதிக்கு மேல் இருக்கிறதா, ஆயில் புதிதா என்று பாருங்கள். சக்கர நட்டுகளை வண்டிப் புத்தகத்திலுள்ள அளவுக்கு டார்க் ரெஞ்சில் முறுக்குங்கள். தரைவிரிப்பு, தண்ணீர் பாட்டில், ஜாக்கி எல்லாம் வெளியே. டயரில் காற்று சூடானால் நாலைந்து பவுண்டு ஏறும், அதற்குத் தக்கபடி தொடங்கும்போது குறைத்து வையுங்கள். நாலு சுற்று ஓட்டி ஒரு சுற்று பிரேக் தொடாமல் ஆற்றி வரவேண்டும். நிறுத்தியதும் ஹேண்ட் பிரேக் போடக்கூடாது. இரண்டு டன் வண்டியில் இந்த ஒழுங்கைக் கடைப்பிடிக்காதவர் மதியத்துக்குள் பேடும் டயரும் தீர்ந்து, லாரியில் ஏற்றிக்கொண்டு போவார்.

அந்த மைதானம் பெயர் சுமக்கும் எஸ். கரிவரதன், 1980களின் இறுதியில் மாருதியின் 796 சிசி எஞ்சினைப் பின்னால் வைத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் காரை உருவாக்கியவர். 2005-ல் இந்தியாவின் முதல் ஃபார்முலா ஒன் ஓட்டுநரான நம் ஊர் நரேன் கார்த்திகேயனும் அந்தக் கார்கள் ஓடிய ஃபார்முலா மாருதிப் பந்தயத்தில் ஓட்டி வளர்ந்தவர்தான். இன்றைக்கும் அங்கே ஓடும் எல்ஜிபி ஃபார்முலா 4 காரில் இருப்பது சுசுகியின் 1,300 சிசி எஞ்சின், நூறுக்கும் குறைந்த குதிரைத்திறன். ஏபிஎஸ் இல்லை, டிராக்‌ஷன் கன்ட்ரோல் இல்லை. ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தால், ஒரு வளைவில் ஐந்து வண்டி சேர்ந்து நுழைந்து ஐந்து விதமாக வெளியே வரும்.

நவீன கார்கள் எல்லாம் மோசம் என்பதல்ல வாதம். வண்டி நழுவாமல் பிடித்து நிறுத்தும் ஈஎஸ்பி எத்தனையோ உயிரைக் காத்திருக்கிறது, மலையில் அதை அணைத்து வீரம் காட்டுவது வடிகட்டிய முட்டாள்தனம். பிஎம்டபிள்யூ எம்2 இந்தியாவுக்கு 2023-ல் மேனுவல் கியருடனும் வந்தது. பணம் இருப்பவருக்கு அது மரியாதையான தேர்வு. 2025-ல் வந்த கோல்ஃப் ஜிடிஐ இங்கே ஆட்டோமேட்டிக் மட்டும்தான் என்றாலும், நம் ரோட்டின் அளவுக்குப் பொருந்தும் அகலம்.

எந்த வண்டியானாலும் ஷோரூம் ஓட்டத்தில் எஞ்சினைக் கத்தவிட்டு மயங்காதீர்கள். முதுகு சாய்ந்த நிலையில் மணிக்கட்டு ஸ்டீயரிங்கின் உச்சியைத் தொடுகிறதா? பிரேக்கைப் பாதி அமுக்கியபடி அதே பாதத்தின் ஓரம் ஆக்ஸிலரேட்டரை எட்டுகிறதா? எட்டாவிட்டால் கியர் இறக்கும்போது எஞ்சின் சுற்றைப் பொருத்தும் வித்தை அந்த வண்டியில் நடக்காது. இரண்டாம் கியர், 1,800 சுற்று, கால்வாசி மிதி. வண்டி உடனே கேட்கிறதா, யோசித்துவிட்டுப் பாய்கிறதா? பாய்ச்சல் பிடித்திருக்கலாம், யோசனை தினமும் எரிச்சல் தரும்.

கையில் இருக்கும் பழைய ஹேட்ச்பேக்கைச் சுகமாக்க அதிகம் செலவாகாது. டயர் ஓரத்தில் நாலு இலக்கம் இருக்கும், 2319 என்றால் 2019-ன் 23-வது வாரம். ஆறு வயசு தாண்டினால் பட்டன் இருந்தாலும் ரப்பர் கல்லாகியிருக்கும், மாற்றுங்கள். லோயர் ஆர்ம் புஷ், டை ராடு எண்டு, ஷாக் அப்சார்பர் மூன்றையும் பார்த்து, பிறகே அலைன்மென்ட். புஷ் தேய்ந்த வண்டிக்கு அலைன்மென்ட் செய்வது காசுக்குப் பிடித்த கேடு. அழகுக்காக 15 இன்ச் இடத்தில் 17 இன்ச் வீல் மாட்டினால் எடை கூடி, இருந்த சுறுசுறுப்பும் போய்விடும்.

கடைசியாக ஒரு கோரிக்கை. தங்கள் வாகனப் பக்க விமர்சனங்களில் இனி எடை, கண்ணாடி நீங்கலான அகலம், தரை இடைவெளி, டயர் அளவும் ஒரு டயரின் விலையும், இரண்டாம் கியரின் உச்ச வேகம் ஆகிய ஐந்தையும் அச்சிடுங்கள். வண்டியை எங்கே ஓட்டிப் பார்த்தார்கள், செட்டிபாளையத்திலா, வால்பாறை ரோட்டிலா, நீலாம்பூர் பைபாஸிலா என்பதையும் சேர்த்துப் போட்டால், ‘சுகம்’ என்று எழுதியிருப்பதை எந்த ரோட்டுக்கு எடுத்துக்கொள்வது என்று வாசகர்களே பார்த்துக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
சிங்காநல்லூர், கோவை.