அந்தச் செந்தூரப் பொட்டலத்தைப் பிரிக்காதே, தாயி

அன்புள்ள தாயி,

உன் பேரைப் போடவில்லை. படித்ததும் உனக்கே தெரிந்துவிடும். ஊரறிய எழுதக் காரணம், கொடைக்கானலில் இந்தப் பேச்சைக் கேட்கிறவள் நீ ஒருத்தி மட்டும் இல்லை.

"அப்பன் தெர்மாமீட்டர் கம்பெனியில பாதரசத்துலயே கிடந்தவன், மகளுக்கு எப்படிப் பிள்ளை தங்கும்?" மூஞ்சிக்கல் டீக்கடையில் என் காதுபடவே சொன்னார்கள். நானும் உன் அப்பாவும் ஒரே ஷிப்ட். உடைந்த கண்ணாடியிலிருந்து உருண்டோடுவதைக் கையாலேயே திரட்டுவோம். போட்ட சட்டையோடு வீட்டுக்கு வந்து உன்னைத் தூக்கிக் கொஞ்சுவார். அது விஷம் என்று எங்களுக்கு ஒருத்தரும் சொல்லவில்லை. இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது.

கம்பெனி வழக்குக்காகப் படிக்கத் தொடங்கியவன் நான், இன்னும் நிறுத்தவில்லை. டீக்கடைப் பேச்சில் பாதி உண்மை இருக்கிறது. பாதரச ஆவியை மூச்சில் இழுத்தால் ஐந்தில் நாலு பங்கு உடம்பிலேயே தங்கிவிடும், நஞ்சுக்கொடியையும் தாண்டும். பல்லடைக்கப் பாதரசக் கலவை குழைத்த அமெரிக்கப் பெண்களைப் பற்றி 1994இல் ஓர் ஆய்வு வந்தது. அதைப் புழங்காதவர்களுக்கு ஒரு மாதத்தில் கரு தங்கும் வாய்ப்பு 100 என்றால், அதிகம் புழங்கியவர்களுக்கு 63தான். ஆண்களுக்கு விந்தணுவின் வடிவமும் ஓட்டமும் கெடலாம்.

ஆனால் கம்பெனி மூடியது 2001இல். உடம்பில் ஏறிய பாதரசம் ஏறக்குறைய 2 மாதத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறைந்துகொண்டே போகும். மூளையில்தான் நெடுநாள் கிடக்கும். அப்பா சட்டையில் வந்த பாதரசமா இன்றைக்கு உன் ரத்தத்தில் ஓடப்போகிறது?

எனக்குப் பயமெல்லாம் உன் மாமியார் அடிவாரத்திலிருந்து வாங்கி வந்த சிவப்புப் பொடி மேல்தான். லிங்கச் செந்தூரமாம், பிள்ளை வரம் தருமாம். வைத்தியர்கள் லிங்கம் என்று சொல்வது பாதரசமும் கந்தகமும் சேர்ந்த கல், தாயி. சித்த வைத்தியத்தை நான் பழிக்கவில்லை. போகர் நவபாஷாணத்தில் செய்ததாகச் சொல்லும் பழனியாண்டவரை வருஷம் தவறாமல் கும்பிட்டு வருகிறவன். ஆனால் லேபில் இல்லாத பொட்டலத்துக்கு யார் நஞ்சு நீங்கச் சுத்தி செய்தார்கள், எதைக் கலந்தார்கள்? பாதரசத்தால்தான் பிள்ளை இல்லை என்று ஏசிவிட்டு, அதே பாதரசத்தைத் தின்னக் கொடுக்கிற கூத்தை எங்கே போய்ச் சொல்ல!

கண்ட கண்ட சிவப்பழகு கிரீமையும் விட்டுவிடு, சிலதில் பாதரசம் உண்டு. மீன் வாங்கினால் மத்தி, நெத்திலி போதும். சுறா வேண்டாம், பெரிய மீனில்தான் அது சேர்ந்து கிடக்கும்.

இன்னொன்று. நீ மூன்று ஆஸ்பத்திரி ஏறி இறங்கிவிட்டாய். மாப்பிள்ளை இன்னும் ஒரு டெஸ்ட்கூட எடுக்கவில்லை. அவரிடம் நான் பேசிக்கொள்கிறேன், நீ வாயைத் திறக்க வேண்டாம்.

சனிக்கிழமை காலை பஸ்ஸில் மூன்று பேரும் திண்டுக்கல் போவோம். பொட்டலத்தைக் கொல்லையில் கொட்டிவிடாதே, மண்ணும் கெடும். பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு மூடி எடுத்து வா. டாக்டர் மேஜையில் அதை நானே வைக்கிறேன்.

இப்படிக்கு,
பெரியப்பா