தம்பிக்கு, ஏசி விஷயமாக

தம்பி,

நீ கிளம்பிப் போய் இன்றோடு 19 நாள் ஆகிறது. வண்டி ஏசி எப்படி இருக்கிறது என்று கேட்டு அனுப்பியதற்கு ஒரு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியிருக்கிறாய். கட்டைவிரலை வைத்துக்கொண்டு நான் என்ன தெரிந்துகொள்ள? தொடர்ந்து குளிர்கிறதா, மத்தியானத்தில் மறுபடி விட்டுப்போகிறதா, சிக்னலில் நின்றால் சூடாக வருகிறதா, இதெல்லாம் விரலில் தெரியாது. போனில் கேட்டால் "ம்", "சரிப்பா", "மீட்டிங்ல இருக்கேன்", இந்த மூன்றுக்கு மேல் உனக்கு வார்த்தை வருவதில்லை. அதனால்தான் எழுதுகிறேன். எழுதினால் நடுவில் கட் பண்ண முடியாது பார்.

அன்றைக்கு நான் வண்டியில் என்ன செய்தேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். நீ திண்ணையில் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய், பக்கத்தில் வந்து நிற்கவே இல்லை. ஏழு வயதில் ரிலே சத்தத்தைக் கேட்டே இது ஹாரனா ஹெட்லைட்டா என்று சொன்ன பையன் நீ. கடைக்கு வருகிறவர்களிடம் எல்லாம் அதைச் சொல்லிக்காட்டுவேன். இப்போது போரூரில் எவனோ "கம்ப்ரசர் போச்சு சார், 28,000 ஆகும்" என்றால் தலையை ஆட்டிவிட்டு வருகிறாய். இன்ஜினியர்.

காலையில் குளிர்ந்து, இருபது நிமிஷம் ஓடியதும் நின்று, ஆறவிட்டால் மறுபடி வருகிற ஏசிக்கு எடுத்ததும் கம்ப்ரசரைக் குறை சொல்லக்கூடாது. போன கம்ப்ரசர் காலையில் மட்டும் எப்படிக் குளிரும்? பானெட்டைத் திறந்துவிட்டு உன்னை ஏசி பட்டனை அழுத்தச் சொன்னேனே, 'டக்' என்று ஒரு சத்தம் வந்தது, அதுதான் கம்ப்ரசர் முன்னால் இருக்கிற கிளட்ச் தட்டை இழுத்துப் பிடிக்கிற சத்தம். நீ திரும்ப திண்ணைக்குப் போய்விட்டாய். கால் மணி நேரம் இன்ஜினை ஓடவிட்டேன். புல்லி சுற்றிக்கொண்டே இருக்கிறது, அதன் முன்னால் இருக்கிற தட்டு மட்டும் நின்றுவிட்டது. ஃபியூஸைப் பார்த்தேன், நன்றாக இருந்தது. ரிலேயைக் கழற்றி, அதே மாதிரி இருந்த ஹாரன் ரிலேயை அந்த இடத்தில் மாட்டினேன், அப்போதும் நின்றது. தட்டை இழுக்கிற கிளட்ச் காயிலை மீட்டரில் பார்த்தால் 3.6 ஓம், காயிலிலும் குறையில்லை. தட்டு நின்ற பிறகும் காயில் பிளக்கில் பாசிட்டிவ் பக்கம் 13.9 வோல்ட் நிற்கிறது. அப்படியென்றால் கேஸ் குறைந்து சென்சார் கட் பண்ணுகிற கதையும் இல்லை.

இங்கேதான் பாதிப் பேர் ஏமாறுவது. கரண்ட் வருகிறதே, அப்போ கம்ப்ரசர்தான் என்று முடிவுகட்டிவிடுவார்கள். கரண்ட் வருகிற வழியைப் பார்த்தவன் போகிற வழியைப் பார்க்க வேண்டாமா? உன் வண்டியில் காயிலுக்குத் தனியாகக் கறுப்பு எர்த் வயர் ஒன்று போகிறது. மீட்டரின் ஒரு முனையை அதில் வைத்து, இன்னொரு முனையை பேட்டரி நெகட்டிவில் வைத்தேன். அங்கே 0.2 வோல்ட்டுக்கு மேல் இருக்கவே கூடாது. 3.5 காட்டியது. மூன்றரை வோல்ட் வழியிலேயே தின்னப்பட்டால் காயிலுக்கு மிச்சம் பத்து சொச்சம்தான். குளிர்ந்திருக்கும்போது அந்தப் பத்தை வைத்துக்கொண்டு தட்டை இழுத்துப் பிடிக்கும். சூடேறினால் ஓம் ஏறும், இழுப்பு குறையும், தட்டை விட்டுவிடும். ஹெட்லைட்டுக்குக் கீழே அந்த எர்த் போல்ட்டைக் கழற்றினால், வயர் முனையில் இருக்கிற லக் கையிலேயே பொடிப்பொடியாக உதிர்ந்தது. பச்சையாகப் பூத்திருந்தது. எமரி போட்டுத் தேய்த்து, புது லக் வைத்து, இறுக்கி, மேலே கொஞ்சம் வாசலின் தடவினேன். 40 ரூபாய் வேலை.

அந்தப் பச்சை எனக்குப் புதிது இல்லை. கடலூர் முதுநகரில் மீன் லோடு அடிக்கிற வண்டிகளில் பார்த்திருக்கிறேன், தேவனாம்பட்டினம் பக்கம் கடலுக்கு முகம் காட்டி நிறுத்துகிறவர்கள் வண்டியில் பார்த்திருக்கிறேன். ஒரு நாள் இரண்டு நாள் நின்றால் உப்பு அப்படிப் பூக்காது. நீ இருப்பது போரூர். போரூரில் ஏது கடல்?

டிரைவர் பக்கத்துக் கால் மேட்டை எடுத்து உதறினேன். ஒரு கைப்பிடி மணல். பக்கத்து சீட்டு மேட் புதுசு மாதிரி இருந்தது. இடது பக்கத்து ஏசி வாய் மூடியே கிடந்து உள்ளே சிலந்தி நூல் கட்டியிருக்கிறது. உன் சீட்டு கடைசிவரை பின்னால் சாய்ந்திருந்தது, டிக்கியில் நம் வீட்டு நீலப் போர்வை. நான் எதையும் கேட்கவில்லை. இப்போதும் கேட்கவில்லை. மேட்டை இருந்த மாதிரியே போட்டுவிட்டேன், அம்மாவிடம் மூச்சுவிடவில்லை.

ஒன்றே ஒன்று மட்டும் சொல்கிறேன். இன்ஜினை ஓடவிட்டு, ஏசியைப் போட்டுக்கொண்டு, கண்ணாடியை ஏற்றிவிட்டு வண்டிக்குள் தூங்காதே. புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது, அதற்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. சைலன்சரில் ஓர் ஓட்டை இருந்தால் போதும், காற்று பின்னாலிருந்து அடித்தால் போதும், உள்ளே வந்துவிடும். தூக்கத்தில் இருக்கிறவனுக்கு அது தெரியவே தெரியாது. ஓடுகிற வண்டிக்கும் நிற்கிற வண்டிக்கும் இதில் வித்தியாசம் உண்டு. உனக்குத் தெரிந்திருக்கும். தெரிந்தவனுக்கும் சொல்வது என் வழக்கம்.

அப்புறம் மற்ற விஷயங்கள். ஓடும்போது குளிர்ந்து சிக்னலில் மட்டும் சூடாக வந்தால் முன்னால் இருக்கிற கண்டன்சர் ஃபேன் சுற்றுகிறதா என்று இறங்கிப் பார். புளோயர் ஒன்று, இரண்டு, மூன்றில் ஓடாமல் நாலில் மட்டும் ஓடினால் ரெசிஸ்டர் போயிருக்கும், புளோயரையே மாற்றச் சொல்வார்கள், சரி என்று சொல்லிவிடாதே. ஃபியூஸ் அடிக்கடி போனால் 10 ஆம்பியர் இடத்தில் 30 ஆம்பியரைச் செருகிவிடாதே, பெரியத்தை வீட்டு கிரைண்டர் நினைவிருக்கட்டும். பிரஷர் சென்சார் பிளக்கைக் கழற்றி வயர் முட்டிப் பார்க்கிற மெக்கானிக்கை வண்டிப் பக்கமே விடாதே. பழைய வண்டிகளில் இரண்டு வயர் சுவிட்ச், ஒரு நிமிஷம் முட்டிப் பார்க்கலாம். உன்னுடையது மூன்று வயர், முட்டினால் ஈசிஎம்முக்கே, அதாவது வண்டியின் கம்ப்யூட்டருக்கே, ஆபத்து. எலி கடித்திருக்கிறதா என்று மாதம் ஒரு தடவை பானெட்டைத் திறந்து பார். ஏசி போட்டுக்கொண்டு தூங்காதே.

இங்கே எல்லாரும் சௌக்கியம். பலா இந்த வருஷம் மலிவு. பாப்பா வருவாள் என்று அம்மா சுளை எடுத்துக் கொட்டை நீக்கி டப்பாவில் போட்டு வைத்திருந்தாள், நீ "பாப்பாவுக்கு சளி" என்றாய், அவள் ஒன்றும் சொல்லாமல் டப்பாவைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டாள். பொங்கலுக்கும் சளிதான். சரி, குழந்தை என்றால் சளி பிடிக்கத்தான் செய்யும்.

நீ போன அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. 40 ரூபாயில் சரி பண்ணிவிட்டேன் என்று மாமாவுக்கு போன் போட்டுப் பெருமை அடித்துவிட்டு வந்து படுத்தேன், அப்போதுதான் உறைத்தது. ஏசி இருபது நிமிஷத்தில் நின்றுகொண்டிருந்தவரை உன்னால் அந்த வண்டிக்குள் ராத்திரி முழுக்க இருந்திருக்க முடியாது. புழுங்கும், எழுந்து வீட்டுக்குப் போயிருப்பாய். இப்போது விடியவிடியக் குளிரும். நான்தான் அதைச் சரி பண்ணிக் கொடுத்தேன். இதைச் சொல்லத்தான் 19 நாளாக எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தேன் என்று வைத்துக்கொள்.

இன்னொன்றும் இருக்கிறது. தானே புயல். 2011. உனக்குத் தெரிந்த கதை, அப்பா மஞ்சக்குப்பம் கடையில் நின்ற வண்டிகளுக்குக் காவல் இருந்தார், புயல் நின்றதும் பேட்டரியையும் ஹெட்லைட் பல்பையும் தூக்கிக்கொண்டு வந்து தெருவிலேயே நம் வீட்டில் மட்டும் வெளிச்சம் போட்டார். உன் கல்யாணத்தில் சிநேகிதர்களிடம் சொன்னாய். மருமகள்கூட "அப்படியா மாமா" என்று கேட்டது. நான் சிரித்துக்கொண்டு நின்றேன்.

கடையில் காவல் காக்க அன்றைக்கு ஒரே ஓர் அம்பாசிடர்தான் இருந்தது, அதுவும் இன்ஜினை இறக்கிவைத்த வண்டி. அதன் பின் சீட்டில்தான் நான் தீபாவளியிலிருந்து படுத்துக்கொண்டிருந்தேன். அம்மாவின் வளையலை வைத்துக் கடைக்கு மெஷின் வாங்கியது உனக்குத் தெரியும். மெஷின் வாங்கவில்லை என்பது தெரியாது. மீதியை அவள்தான் சொல்ல வேண்டும், சொன்னதில்லை. ராத்திரி வேலை நிறைய என்று உன்னிடம் சொன்னேன். வேலை ஏது? எட்டு மணிக்கு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்திருப்பேன். நீ சைக்கிளில் கேரியர் கொண்டுவருகிற நேரம் பார்த்து எழுந்து டெஸ்ட் லேம்பைக் கையில் எடுத்துக்கொள்வேன். பேட்டரியே இல்லாத அம்பாசிடரில் டெஸ்ட் லேம்பை வைத்துக்கொண்டு குனிந்து நிற்பேன். நீ பத்தாவது. உனக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? தெரியாத மாதிரி "எப்போப்பா வருவீங்க" என்று கேட்டுவிட்டுப் போவாய்.

டிசம்பர் 29 ராத்திரி பத்து மணிக்கே கிளம்பியிருக்கலாம். கெடிலம் பாலத்தைத் தாண்டினால் வீடு. அவள் ஒரு வார்த்தை கூப்பிட்டால் போகலாம் என்று படுத்திருந்தேன். விடியற்காலையில் ஷட்டர் பிய்ந்துகொள்வது போல அடித்தபோதும் அதேதான் நினைத்தேன். மத்தியானம்தான் விழுந்த மரங்கள் மேல் ஏறி ஏறி வந்தேன். பாதி ஓடு இல்லை. கதவுக்குப் பின்னால் பீரோவை நகர்த்திவைத்து நீயும் அம்மாவும் அதில் முதுகைக் கொடுத்து உட்கார்ந்திருந்தீர்கள். உன் சட்டை முதுகில் பீரோவின் பச்சைப் பெயிண்ட் ஒட்டியிருந்தது. நீ என்னைப் பார்த்து, "தனியா பயந்துட்டீங்களாப்பா" என்று கேட்டாய்.

அதற்கு நான் பதில் சொல்லவில்லை. பேட்டரி எடுத்து வருகிறேன் என்று உடனே திரும்பிவிட்டேன். ஆமாம், பயந்துவிட்டேன்.

அன்றிலிருந்து வீட்டில்தான் படுத்தேன். நாங்கள் பேசியது பொங்கலுக்குப் பிறகுதான்.

ஸ்பேர் ரிலே ஒன்றும் 10 ஆம்பியர் ஃபியூஸ் நாலும் டேஷ்போர்டில் மஞ்சள் கவரில் வைத்திருக்கிறேன். இடது பக்கத்து ஏசி வாயைப் பெயிண்ட் பிரஷ்ஷால் சுத்தம் பண்ணித் திறந்து விட்டிருக்கிறேன். வாசலில் உன் வண்டி நிற்கிற இடத்தில் என் மொபெட்டை நிறுத்துவதை விட்டுவிட்டேன், அது இப்போது உள்ளே மாடிப்படிக்குக் கீழே நிற்கிறது. போரூரிலிருந்து எந்த ராத்திரியானாலும் வரலாம், தூக்கம் வந்தால் திண்டிவனத்தில் நிறுத்தி டீ குடித்துவிட்டு ஓட்டு. சாவி மீட்டர் பெட்டி மேலே இருக்கிறது. ஹாரன் அடிக்காதே, அம்மா எழுந்துவிடுவாள். உன் வண்டிச் சத்தம் எனக்குத் தெரியும்.

அப்பா